வைத்தும் தெரியாத காலண்டர்

புதுக்கோட்டையில் எங்கள் அலுவலகம் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது. இரண்டே பேர்தான். புரோகிராம் எழுதுவது என் வேலை. என்னோடு இருந்த அக்கா திரைகளை அமைப்பார். பெட்டி, பட்டன், பட்டியல் எல்லாவற்றையும், திரையை வடிவமைக்கும் ‘டிசைனர்’ பகுதியில் மவுஸால் இழுத்து வந்து, ஒரு நூல் கோணாமல் வைப்பார்.

கறம்பக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு முன்பதிவு சாஃப்ட்வேர் செய்தோம். தமிழ் மாதமும் முகூர்த்த நாளும் காட்டும் காலண்டர் வேண்டும் என்றார் உரிமையாளர். ரெடிமேடாகக் கிடைத்தவை எதுவும் சரிப்படவில்லை. நானே ஒன்றை எழுதினேன். டிசைனரின் ஓரத்தில் மற்ற கருவிகளின் வரிசையில் அதுவும் ஒரு சின்னப் படமாக வந்து உட்கார்ந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, வேறு வேலையாகக் கீரனூருக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் இருவரும் மண்டபத்துக்குப் போய், உரிமையாளர் முன்னால் அதை ஓடவிட்டோம். திரையில் காலண்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடந்தன. எல்லாவற்றிலும் ஆவணி. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"இத்தனை எதுக்குங்க? மண்டபம் ஒண்ணுதான இருக்கு" என்றார் நிதானமாக.

அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இழுத்து வச்சா ஒண்ணுமே தெரியல தம்பி. விழுகல போலன்னு திரும்பத் திரும்ப வச்சேன்."

காரணம் எனக்கு உடனே புரிந்தது. அந்தக் காலண்டர் முன்பதிவு விவரங்களைப் படித்த பிறகே தன்னை வரைந்துகொள்ளும். புரோகிராம் ஓடாத டிசைனரில் விவரத்துக்கு எங்கே போகும்? எதையும் வரையாமல் வெறுமனே நின்றிருக்கிறது.

சாப்பாட்டுக் கூடத்து மேசையிலேயே லேப்டாப்பைத் திறந்தேன். டிசைனரில் இருந்தால் விவரத்தைத் தேடாதே, மாதிரிக்கு ஒரு மாதத்தை வரைந்து காட்டு என்று மாற்றி எழுதினேன். முகூர்த்த நாளின் நிறத்தை அக்காவே மாற்றிக்கொள்ளவும் வழி வைத்தேன். அக்கா பழையவற்றை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை இழுத்து வைத்தார். மாதம் முழுசாக வந்து நின்றது. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கட்டங்களும் கூடவே விரிந்தன. நிறத்தை மஞ்சளாக்கினார், பச்சையாக்கினார், மறுபடியும் மஞ்சளுக்கே வந்தார்.

"இப்பத்தான் கைக்குப் பிடிபடுது" என்றார்.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த உரிமையாளர், தானும் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். அக்கா மவுஸை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் காலண்டரைப் பிடித்துத் திரையின் நட்டநடுவில் கொண்டுவந்து போட்டார்.

"அங்கிட்டு ஓரத்துல வேணாங்க, இங்கிட்டே இருக்கட்டும்."

இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. அக்காவுக்கு அந்த இடம் கொஞ்சமும் பிடிக்கவில்லை.