கிரீஸ் கை

எண்பதுகளில் எங்களுக்கு வீடு கிடையாது. பழைய பெட்ரோல் வேனிலேயே சமைத்து, அதிலேயே படுத்து, ஜவ்வாது மலை ஊர்களில் அலுமினியப் பாத்திரம் விற்றோம். வண்டி அடிக்கடி படுத்துக்கொள்ளும். என் கணவரே சரிசெய்துவிடுவார்.

என் தங்கை கல்யாணத்துக்கு முந்தின நாள், மலையிறங்கக் கிளம்பியபோது அது ஸ்டார்ட் ஆகவில்லை. என் அண்ணன்மாரோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் எனக்காக வருவதாகச் சொல்லியிருந்தார். நான் பஸ்ஸில் போகிறேன் என்றேன்.

"சேந்தே போலாம், இப்ப ஆய்டும்" என்றார்.

கண்டக்டரிடம் ஒடுகத்தூர் மெக்கானிக்குக்குச் சொல்லியனுப்பிவிட்டு, இருந்த ஒரே பஸ்ஸையும் விட்டேன். பகல் முழுக்க அவர் வண்டிக்கு அடியில் கிடந்தார். கையெல்லாம் கிரீஸ். பார்க்கப் பாவமாக இருந்தது. சாமைச்சோற்றைப் பிசைந்து நானே ஊட்டிவிட்டேன்.

"இன்னா பண்றது, வண்டி மனசு வெக்கணுமே" என்றார், மென்றுகொண்டே.

மறுநாள் முகூர்த்தம் முடிந்திருக்கும் நேரத்துக்கு மெக்கானிக் வந்தார். இன்ஜினைத் திறந்து பார்த்தார்.

"ரோட்டரு இல்லாம வண்டி எப்டிங்க எடுக்கும்?"

அந்தச் சின்னச் சாமானை எனக்குத் தெரியும். சந்தையில் யாரும் வண்டியை ஓட்டிப் போய்விடாமல் இருக்க, அவர் அதைக் கழற்றி டிராயர் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் பாக்கெட்டுக்குள் கையை விட்டார்.

அதை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் வண்டி ஸ்டார்ட் ஆனது. மெக்கானிக் போன பிறகு, அவர் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட வந்து உட்கார்ந்தார்.

"கைதான் சுத்தமாய்டுச்சே. நீங்களே போட்டுத் துன்னுங்க" என்றேன்.