கீழே விழுந்த ப்ளக்

பட்டறைகள் வரிசையாக இருந்த அந்தத் தெருவில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. 'ஆறட்டும்' என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள் என்று யார் சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்தச் சொல்தான். இன்ஜின் சூட்டோடு ப்ளக்கைத் திருகினால் அது பொருந்தியிருக்கும் திருகு மரை பிய்த்துக்கொண்டு வரும். அப்புறம் தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதுதான். அவசரக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே டீக்கடைக்குப் போய்த் திரும்பி வருவார்கள். அவர் பானெட்டைத் திறந்து, இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்பார். காய்ச்சல்காரப் பிள்ளையைக்கூட யாரும் அத்தனை தடவை தொட்டுப் பார்க்க மாட்டார்கள்.

டர்போ வைத்த பெட்ரோல் பிக்கப் வண்டிகள்தான் அவருக்கு வேலை. அந்த வகை இன்ஜினுக்கு ப்ளக் விஷயத்தில் மன்னிக்கிற குணம் கிடையாது. சமதரையில் சாதுவாகத்தான் ஓடும். பாரம் ஏற்றி மேட்டில் மிதித்தால் டர்போ காற்றைத் திணிக்கும். அந்த நெருக்கடிக்குள் தீப்பொறி தாவியாக வேண்டும். ப்ளக்கின் பீங்கானில் மயிரிழை விரிசல் இருந்தால் போதும், பொறி அந்த வழியாக நழுவிவிடும். வண்டி உதறும். அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் கீழே விழுந்த ப்ளக், புதிதாகவே இருந்தாலும், நேராகக் குப்பை டின்னுக்குப் போகவேண்டும் என்பது அவருடைய சட்டம்.

ஒரு நாள் காலையில் அந்தச் சட்டத்தை மரக்கடைக்காரர் மீறப் பார்த்தார். தன் வண்டிக்கான புது ப்ளக்கை எடுத்துக் கொடுக்கிறேன் என்று வந்து, கை தவறிக் கீழே போட்டுவிட்டு, சட்டையில் துடைத்து நீட்டினார். நம்மவர் சும்மா விட்டாரா? ப்ளக்கை வாங்கி டின்னில் எறிந்துவிட்டு, தெருவே கேட்கும்படி ஒரு பிரசங்கம் செய்தார். கண்ணாடி டம்ளர் விழுந்தால் அதிலேயே தண்ணீர் குடிப்பீர்களா என்றெல்லாம் கேட்டார். எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மரக்கடைக்காரர் முகம் சுண்டிப்போய் அந்தக் கடை பெஞ்சிலேயே போய் உட்கார்ந்துகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அவருடைய தங்கை வண்டியோடு வந்தாள். அந்த பிக்கப்பை முன்பு ஓட்டியவர் அவள் கணவர். முதுகெலும்பில் வட்டு விலகி, தொடர்ந்து உட்கார்ந்து ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொன்னபின், அவர் வீட்டில் படுக்க, இவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். கற்றுக்கொடுத்தது அண்ணன்தான். ஹேச்சரியில் பொரித்த ஒருநாள் கோழிக்குஞ்சுகளைத் தட்டுத்தட்டாக ஏற்றி, மலைச்சரிவில் இருக்கும் பண்ணைகளில் இறக்குவது அவள் வேலை. வண்டி ஓடும்வரை குஞ்சுகளுக்குக் காற்று. வெயிலில் நின்றால் போச்சு.

அவள் வழக்கம்போலச் சாவியை மேசையில் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் லோடு இருக்கிறது என்று மட்டும் சொல்லிக் கடைவீதிக்குப் போய்விட்டாள். பக்கத்தில் நின்று பார்க்கிற பழக்கமே அவளுக்குக் கிடையாது. அண்ணன் கையில் கொடுத்துவிட்டால் அவளுக்கு அத்தோடு கவலை விட்டது.

மூன்று ப்ளக்குகள் ஒழுங்காக ஏறின. நாலாவது விரலிலிருந்து வழுக்கி, சிமெண்டுத் தரையில் 'கிணுங்' என்று விழுந்து ஜாக்கியடியில் உருண்டது. உதிரிபாகக் கடையில் அந்த வகையில் அன்றைக்கு வேறு இல்லை. நாளை வா என்று தங்கையிடம் சொல்லியிருக்கலாம். லோடு தாமதமானாலும் அவள் கோபித்துக்கொண்டிருக்கவே மாட்டாள். ஆனால் எதிரே மரக்கடைக்காரர் இன்னும் டீ குடித்துக்கொண்டிருந்தார். நானும் கீழே போட்டுவிட்டேன் என்று இவர் சொன்னால் தெரு விழுந்து விழுந்து சிரிக்கும். அதுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது. அக்கம்பக்கம் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை. குனிந்து எடுத்து, சட்டையில் துடைத்து, உள்ளே இறக்கி முடுக்கிவிட்டார்.

கொஞ்ச நாள் வண்டி நன்றாகத்தான் ஓடியது. அவரும் பிழைத்தோம் என்று மறந்திருந்தார். பிறகு ஒரு நாள் தங்கையும் மாப்பிள்ளையும் சேர்ந்தே வந்து இறங்கினார்கள். மேட்டில் ஏறும்போது வண்டி உதறுகிறது, இன்ஜின் விளக்கு மினுக்குகிறது என்றாள் தங்கை. அவர் கோளாறு காட்டும் ஸ்கேனரை வண்டியில் மாட்டினார். நாலாவது சிலிண்டர் என்று பச்சையாகக் காட்டியது.

அப்போது மாப்பிள்ளை பாதி விளையாட்டாகக் கேட்டார். "என்ன மச்சான், கோளாறு வண்டியிலயா, ஓட்டுறவங்க கிட்டயா?"

ஸ்கேனர் திரை இவர் பக்கம் மட்டும்தான் திரும்பியிருந்தது. அதில் இருந்ததை அழித்தார். அழித்துக்கொண்டே சொன்னார்: "வண்டியில ஒண்ணும் தெரியல மாப்ள. மேட்டுல கொஞ்சம் அதிகமா மிதிக்கிறாளோ என்னவோ."

சொன்ன வாய் உடனே கசந்தது. ஏதாவது சாக்குச் சொல்லி வண்டியைத் தனியாக வரவழைத்து, ஓசைப்படாமல் ப்ளக்கை மாற்றிவிடலாம் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். தங்கை கீழே குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

அந்தச் சாக்குக்கு நேரம் வருவதற்குள் மலையிலிருந்து அவளுடைய ஃபோன் வந்தது. இவர் பைக்கில் பறந்து போனார். வளைவில் ஓரங்கட்டி நின்றது பிக்கப். உதறி உதறி இழுவை இல்லாமல் நின்றுவிட்டதாம். தங்கை தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மரநிழலில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மேல் தட்டுகளில் மஞ்சள் குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. கீழ்த் தட்டுகளில் அசைவே இல்லை. தார்ச்சாலை கொதிக்கிற வெயிலில் அவள் வெறுங்காலோடு நடப்பதை அப்போதுதான் பார்த்தார். செருப்பு எங்கே என்று கேட்டார்.

"கழட்டிட்டுத்தான் ஓட்டுறேன்ணே. எவ்வளவு மிதிக்கிறேன்னு காலுக்குத் தெரியணும்ல."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஹேச்சரி மேனேஜர் வேறு வண்டியோடு வந்து, உயிரோடிருந்த தட்டுகளை ஏற்றிக்கொண்டு, இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று தங்கையைப் பார்த்துச் சொன்னார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். இவர், பாவி மனிதர், பக்கத்தில் காலித் தட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்று சாயங்காலமே புது ப்ளக்கோடு தங்கை வீட்டுக்குப் போனார். காலி வண்டி இறக்கத்தில் உதறாமல் வீடு வந்து சேர்ந்திருந்தது. வாசலில் மாப்பிள்ளை டிரைவர் சீட்டைத் துடைத்து, முதுகுக்கு ஒரு தலையணையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளையிலிருந்து அவரே ஓட்டப்போகிறாராம். படுத்தே கிடந்த மனிதர் முகத்தில் ஒரு புதுக் களை. முதுகு என்னாவது என்று இவர் கேட்டதற்கு, முதுகைப் பார்த்தால் பிழைப்பு நடக்குமா என்றார். ஏர் ஃபில்டரைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லி, மாப்பிள்ளை உள்ளே போன நேரத்தில் இவர் ப்ளக் மேலிருந்த காயிலைக் கழற்றி, பழைய ப்ளக்கை எடுத்துச் சட்டைப்பையில் போட்டு, புதியதை முடுக்கினார். பழையதன் பீங்கானில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடியிருந்தது. வீடு திரும்பும்போது அவருக்குப் பெரிய பாரம் இறங்கினாற்போல இருந்தது. வண்டி சரியாகிவிட்டது, இனி யாருக்கும் எதுவும் தெரியவேண்டியதில்லை என்று நினைத்தார். அந்தப் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்ல?

மறுநாள் மத்தியானம் மாப்பிள்ளையின் குரல் ஃபோனில் துள்ளியது. "மச்சான், நீங்க சொன்னதுதான் சரி. நான் ஏத்துனேன், சும்மா வெண்ணெயா ஏறுது. வண்டியில ஒண்ணுமே இல்ல. எல்லாம் அவ காலுதான்."

ஃபோனை வைத்தபிறகும் அவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. கள்ளத்தனமாகச் செய்த ரிப்பேர் தங்கைக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. இனி அவளே நினைத்தாலும் அந்த சீட்டுக்குத் திரும்ப முடியாது. மாப்பிள்ளை முதுகு உடையும்வரை ஓட்டுவார். அவள் தன் காலையே குற்றம் சொல்லிக்கொண்டு வீட்டில் கிடப்பாள். ஒரு டீக்கடைச் சிரிப்புக்குப் பயந்து இப்படிச் செய்துவிட்டோமே என்று அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. பட்டறையைச் சாத்திவிட்டுக் கிளம்பினார்.

மாப்பிள்ளை முதுகில் வெந்நீர்ப் பையை வைத்துக் குப்புறப் படுத்திருந்தார். வலியிலும் சிரித்த முகம். வண்டிச் சாவி அவர் தலைமாட்டில் இருந்தது. தங்கை தன் டிரைவிங் லைசென்ஸை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள். இவர் உட்காரக்கூட இல்லை. ப்ளக் விழுந்தது, துடைத்துப் போட்டது, ஸ்கேனரில் அழித்தது, நேற்று வாசலில் மாற்றியது, எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தார்.

மாப்பிள்ளை நம்பவில்லை. விழுந்த ப்ளக்கை நீங்களாவது போடுவதாவது, ஊருக்கே உங்களைப் பற்றித் தெரியும், தங்கைக்காகப் பழியை இழுத்துப் போட்டுக்கொள்கிறீர்கள் என்று சொல்லிச் சிரித்தார். பையிலிருந்து எடுத்துக் காட்டிய ப்ளக்கையும், எந்த வண்டியில் கழற்றியதோ என்று தள்ளிவிட்டார். நல்ல பேர் எடுத்து வைத்திருந்தது அன்றைக்கு இப்படி உதவியது.

ஆகவே இவர் வாசலுக்குப் போய், இருவர் கண் முன்னாலேயே அந்தப் பழைய ப்ளக்கைத் திரும்ப நாலாவது சிலிண்டரில் மாட்டினார். வண்டியில் பண்ணைக்குப் போகவேண்டிய தீவன மூட்டைகள் ஏற்றியபடியே இருந்தன. "நீங்களே ஓட்டுங்க மாப்ள. அதே மேட்டுல ஏத்துங்க."

மூவரும் ஏறினார்கள். சமதரையில் வண்டி அருமையாக ஓடியது. மாப்பிள்ளை இவரை ஒரு பார்வை பார்த்தார். மலை தொடங்கி முதல் வளைவில் மிதித்ததும் வண்டி உதறியது. விளக்கு மினுக்கியது. மெதுவாக மிதித்துப் பார்த்தார், கியரை மாற்றிப் பார்த்தார். வண்டி திணறிக்கொண்டு போய் ஏறக்குறைய அவள் நின்ற இடத்திலேயே நின்றது. மாப்பிள்ளை இறங்கிப் போய்க் கொஞ்ச தூரத்தில் ஒரு கல்லின் மேல் இடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்தார்.

இவர் பானெட்டைத் தூக்கினார். நல்ல ப்ளக் கையில் இருந்தது. ஆனால் இன்ஜின் அனலாகக் கொதித்தது. ஆறுகிறவரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஊரையெல்லாம் காக்க வைத்த மனிதருக்கு அன்றுதான் காத்திருப்பது என்றால் என்னவென்று தெரிந்தது. தங்கை எதிரில் நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தக் குஞ்சுங்கள நான்தான் கொன்னுட்டேன்னு நினைச்சுட்டு இருந்தேண்ணே," என்றாள். "கண்ண மூடுனா அதுங்க வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது. நான் மிதிச்ச மிதியிலன்னு."

அவருக்கு மன்னிப்பு என்று ஒரு சொல் இருப்பது தெரியும். அதை எடுத்து நீட்ட வெட்கமாக இருந்தது. இன்ஜின் மேல் கை வைத்துப் பார்த்தார்.

"ஆறிடுச்சா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்லம்மா."

வெயில் தாழ்ந்தபிறகு ப்ளக்கை மாற்றினார். மாப்பிள்ளை எழுந்து வந்து, சாவியைத் தங்கையிடம் நீட்டிவிட்டு, தானாகவே மறுபக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். அவள் செருப்பைக் கழற்றி சீட்டுக்கடியில் தள்ளிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்தாள். தீவன மூட்டைகளோடு வண்டி மேட்டில் ஒரே மூச்சாக ஏறியது. இவர் பின் சீட்டில் உட்கார்ந்து, அவள் கழுத்து விறைத்திருப்பதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக ஹேச்சரிக்குப் போய் மேனேஜரிடம் தன் குற்றத்தைச் சொன்னார். திரும்பி வந்து டீக்கடையில் மரக்கடைக்காரரிடமும் சொன்னார். தெரு சிரித்தது. 'ஆறட்டும்' என்பதை 'விழட்டும்' என்று மாற்றிக் கூப்பிட்டார்கள். ஒரு டீ ஆறுவதற்குள் அந்தச் சிரிப்பும் அடங்கி, அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். இவ்வளவுதானா என்று அவருக்கு அழுகை வந்தது.

அடுத்த சர்வீஸுக்குத் தங்கை வேறு பட்டறைக்குப் போகவில்லை. இங்கேதான் வந்தாள். ஆனால் சாவியை மேசையில் வைத்துவிட்டுக் கடைவீதிக்குப் போகவில்லை. இன்ஜின் ஆறும்வரை இருந்து, பானெட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் வண்டிக்கடியில் பழைய மெத்தை ஒன்றை விரித்திருந்தார். முதல் ப்ளக்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து எடுத்தார்.

"விழுந்தா பரவாயில்லண்ணே," என்றாள் தங்கை. "சொல்லிடு, போதும்."

அவர் தலையை ஆட்டினார். நிமிர்ந்து அவளைப் பார்க்க முடியாமல் கீழே பார்த்தார். மெத்தை ஓரத்தில், எண்ணெய் படிந்த சிமெண்டுத் தரையில், அவள் இன்னும் வெறுங்காலோடுதான் நின்றிருந்தாள்.