டீச்சர் கட்டிய வீடு

டீச்சரை நினைத்தால் அவர் மகளின் விரல் முட்டியில் கசிந்த ரத்தம்தான் முதலில் கண்ணுக்குள் வருகிறது. வீடு கட்டுவது பற்றிப் பேச, காரைக்குடியில் உள்ள என் கட்டுமான அலுவலகத்துக்கு அந்தப் பெண்ணைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். என் அலுவலக வாசல் குறுகல். நாற்காலி கதவு நிலையில் இடித்ததில் மகளின் கை நடுவில் மாட்டித் தோல் உரிந்தது. அவள் பழகிப்போன முகத்தோடு கையை உதறிக்கொண்டாள். டீச்சர் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நாங்க இருக்குற வீட்லயும் தெனம் இதுதான். இவ கையில ரத்தம் வராத வீடு ஒண்ணு வேணும். உன்னால கட்டித் தர முடியுமாத்தா?"

பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். கணவர் இறந்துவிட்டார். அவர் பங்காக வந்த நிலம் ஒக்கூருக்கு வெளியே, கருவேலங்காட்டை ஒட்டிக் கிடந்தது. அங்கேதான் வீடு. வரைபடம் போட்டது நான் என்றாலும், யோசித்ததெல்லாம் பிறவியிலேயே நடக்க முடியாத அந்த மகள்தான். எங்கேயும் படி கூடாது, கதவுகள் அகலமாக வேண்டும், அடுப்பு மேடை உட்கார்ந்தபடி சமைக்கும் உயரத்தில் வேண்டும், ஜன்னல் தாழ்வாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். "ரோட்ல யாரு போறாகன்னு எனக்கும் தெரியணும்ல?" என்று சிரித்தாள்.

அந்த நிலத்தில் டீச்சரின் கொழுந்தனார் பல வருஷமாக மிளகாய் போட்டுவந்தார். பத்திரம் அண்ணன் பெயரில் இருந்தது, அதில் வழக்கு எதுவும் இல்லை. ஆனால் ஆண் வாரிசு இல்லாத அண்ணனின் மண் தனக்குத்தான் என்று அவர் மனதுக்குள் எப்போதோ முடிவு செய்திருந்தார். அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டிய காலையில் வந்து நின்றார். "மதினி, இந்த நொண்டிக்கு எதுக்கு வீடு? உங்க காலத்துக்கப்புறம் இந்த இடம் எங்குட்டுப் போயிரப் போகுது?" மகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். டீச்சர் கொத்தனார் பக்கம் திரும்பி, "நீங்க தோண்டுங்க" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. நிறுத்தி வைத்த தூண் கம்பிகளை யாரோ தரையோடு வளைத்துவிட்டுப் போனார்கள். இன்னொரு நாள், சுவர் நனைக்கும் தண்ணீர்த் தொட்டியில், வேலையாட்களோடு ஒட்டிக்கொண்டு திரிந்த நாய் கழுத்து அறுபட்டு மிதந்தது. சித்தாள்கள் கிட்டேயே போகவில்லை. டீச்சர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினார். நாயைத் தன் கையால் தூக்கிக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு, தொட்டியைக் கழுவி நீர் நிரப்பச் சொன்னார்.

சுவர் ஜன்னல் உயரத்தைத் தாண்டியிருந்தது. ஒருநாள் முற்பகலில் டிராக்டர் ஒன்று நேராக உள்ளே வந்தது. கொழுந்தனாரும் இரண்டு ஆட்களும் சம்மட்டி, கடப்பாரையோடு குதித்து இறங்கி அடுக்களைச் சுவரை இடிக்க ஆரம்பித்தார்கள். தடுக்கப் போன கொத்தனார் முகத்தில் மண்வெட்டிக் காம்பு இறங்கியது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார, விரலிடுக்கில் ரத்தத்தோடு பல்லும் வந்து விழுந்தது. நான் போலீசுக்குப் போன் பண்ணினேன். டீச்சர் ஓடிப்போய்ச் சுவருக்கு முன்னால் நின்றார். கொழுந்தனார் அவர் கொண்டையைப் பிடித்துத் தலையைச் செங்கல்லில் மோதினார். "உன்னையும் இந்தச் சுவத்துக்குள்ளயே வச்சுப் பூசிருவேன்டி!"

மகள் வேப்பமர நிழலில், நாங்கள் வந்த காரின் முன் இருக்கையில் இருந்தாள். எட்டி ஹாரனை அழுத்தியவள் கையை எடுக்கவே இல்லை. அந்த அலறல் கேட்டதும் அவர் டீச்சரை விட்டுவிட்டுச் சம்மட்டியோடு காரை நோக்கி நடந்தார். ஒரே அடியில் முன் கண்ணாடி உடைந்து மகளின் மடியில் கொட்டியது. அவர் மறுபடி ஓங்கினார்.

டீச்சர் கீழே கிடந்த துண்டுக் கம்பியை எடுத்ததை நான் பார்த்தேன். முதல் அடி கொழுந்தனாரின் முழங்கைக்குக் கீழே விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. சம்மட்டி நழுவியது. அடுத்த அடி தோளில், அதற்கடுத்தது தலையில். கூட வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். அவர் மண்டியிட்டு, பிறகு குப்புற விழுந்தார். டீச்சர் நிறுத்தவில்லை. பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்த என்னை உதறித் தள்ளினார். நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தும் அவர் இமைக்கக்கூட இல்லை.

"யம்மா, விடும்மா! சித்தப்பா செத்துப் போயிருவாகம்மா!" மகள் தொண்டை கிழியக் கத்தினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

கொழுந்தனார் பிழைத்துக்கொண்டார், கைதான் நிமிரவில்லை. டீச்சர் நெற்றியில் தையல் போட்டார்கள். இரு பக்கமும் வழக்குப் பதிவாகி, ஊர் கூடிப் பேசி, சமாதானமாகப் போனார்கள். இடித்த சுவரை மறுபடி எழுப்பினோம். புதுமனை புகுவிழாவில் மகள் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் உள்ளே போனாள்.

சமீபத்தில் அந்தப் பக்கம் போனபோது அவர்களைப் பார்க்கப் போனேன். வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கையில், மடங்கிய கையை மார்போடு அணைத்தபடி கொழுந்தனார் சாலையில் நடந்து போனார். அவர் மறையும் வரை டீச்சர் கண் அந்தக் கையின் பின்னாலேயே போனது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும்போல் எனக்குத் தோன்றியது. "பிள்ளையக் காப்பாத்தத்தானே டீச்சர் அடிச்சீக" என்றேன்.

"மொத அடி இவளுக்காகத்தான்" என்றார். தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "அதுக்கப்புறம் அடிச்சது எனக்காக. அடிக்க அடிக்க நல்லா இருந்துச்சுத்தா. அவரு விழுந்த பெறகு இன்னும் நல்லா இருந்துச்சு. இத்தன வருசம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவளுக்குள்ள இப்படி ஒருத்தி இருந்திருக்கா பாரு. இவ மட்டும் கத்தலைன்னா நான் நிறுத்தியிருக்க மாட்டேன். அது இவளுக்கும் தெரியும்."

உள்ளிருந்து மகள் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள். டீச்சர் உடனே எழவில்லை.