நாலாவது நகர்வு

அம்பாங்கானில் என் சனிக்கிழமை செஸ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் தாய்மார்கள் என்னைச் சும்மா விடுவதில்லை. போன வாரம் ஓர் அம்மா, "ஓப்பனிங் படிச்சா பிள்ள முன்னேறுவானா டீச்சர்? புக்கு வாங்கணுமா?" என்று கேட்டார். பார்ப்போம் என்று மழுப்பிவிட்டுப் புதுக் காய்ப்பெட்டியைத் திறந்தேன். பிளாஸ்டிக் வாசம் குப்பென்று அடித்தது.

எங்கள் தோட்டத்துக் காய்களின் வாசம் வேறு. ரெம்பாவ் பக்கத்துப் பால்மரத் தோட்டத்தில்தான் எங்கள் பெற்றோருக்கு வேலை. செஸ் பெட்டி இருந்த மண்டபத்தை ஒட்டித்தான் ரப்பர் பால் உறைய வைக்கும் கொட்டகை. ராஜா ராணி எல்லாமே ஆசிட் நாற்றம். தொலைந்துபோன வெள்ளை யானைக்குப் பதிலாகத் தைல பாட்டில் மூடி நின்றது.

தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் மகன் தூக்கிப்போட்ட, தொடக்க நகர்வுகளைச் சொல்லும் ஓர் ஓப்பனிங் புத்தகம் என் கைக்கு வந்தது. கூடவே தலைக்கனமும் வந்தது. மண்டபத்தில் ஆடிய ஏழெட்டுப் பேருக்கும் நான்தான் அதை ஓதினேன். எங்களுக்குள்ளேயேதான் ஆடுவோம். முதல் பத்து நகர்வை இரண்டு பக்கமும் வாய்ப்பாடு போல மடமடவென்று வைத்துவிடுவோம். யாராவது மாற்றி வைத்தால், "புக்குல இல்ல, திருப்பி வை" என்பேன். வைத்துவிடுவார்கள். ஊரில் எல்லாரும் அப்படித்தான் ஆடுவார்கள் என்று நம்பினோம், உங்களுக்குச் சொல்வதற்கென்ன.

வசந்தா என் வயது, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அடுத்த வீடு. புத்தகம் வருமுன்பே எங்கள் எல்லாரையும் தோற்கடித்தவள். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை நிறுத்தி அவளை ஃபேக்டரி வேலைக்கு அனுப்ப அவள் அப்பா முடிவு செய்திருந்தார். "ஸ்டேட் டீமுக்கு செலெக்ட் ஆனா ஹாஸ்டல்ல போட்டு படிக்க வைப்பாங்களாம், மாமா" என்று நான்தான் போய்ப் பேசினேன்.

"ஏட்டுச் சுரக்கா கறிக்கு ஆவாது. சரி, ஜெயிச்சா படிக்கட்டும்" என்றார். படிக்காத மனிதர், இவருக்கென்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

சிரம்பானில் தேர்வுப் போட்டி. கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் இடம் உறுதி. எதிரே உட்கார்ந்திருந்த டவுன் பெண் நாலாவது நகர்வில் ஓரத்துச் சிப்பாயைச் சும்மா ஒரு கட்டம் தள்ளினாள். அது புத்தகத்தில் இல்லை. வசந்தா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அங்கே யார் திருப்பி வைக்கச் சொல்வது? அவள் கை குதிரை வரை போய்த் திரும்பியது. அந்த ஒரு நகர்வுக்கே நாற்பது நிமிடம் போயிற்று. பிறகு அவசர அவசரமாக ஆடி, ஜெயிக்கிற நிலையில் நேரம் தீர்ந்து தோற்றாள். எனக்கு அன்றைக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. இப்போது நினைத்தால் வெட்கக்கேடு.

அடுத்த மாதமே ஃபேக்டரி பஸ் அவளை ஏற்றிக்கொண்டது. நான் ஆறாம் படிவம் வரை படித்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அவளை டயாலிசிஸ் படுக்கையில் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவள் முந்திக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு வச்சது மட்டமான மூவ்னு அப்பவே தெரிஞ்சிச்சு லா. குதிரைய நடுவுல எறக்கிருக்கணும்."

"அப்புறம் ஏன்டி எறக்கல?"

"புக்குல இல்லன்னு நீ திட்டுவியே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அந்தத் தேர்வு ஆட்டத்தின் நகர்வுகளை அவள் எழுதிய தாள் என்னிடம் இருந்தது. வீட்டுக்கு வந்து ஃபோனில் செஸ் ஆப்பில் போட்டுப் பார்த்தேன். குதிரைதான் சரி. நேரில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அந்த வருடத் தீபாவளிக்கு முந்தின வாரம் அவள் போய்விட்டாள். லயமும் இல்லை, மண்டபமும் இல்லை, அங்கே இப்போது எண்ணெய்க்குச் செம்பனை நிற்கிறது. சொந்தமாக யோசித்து எங்களையெல்லாம் அவள் ஓட ஓட அடித்த ஆட்டங்களில் ஒன்றைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை. எழுத்தில் மிஞ்சியிருப்பது நான் சொல்லிக்கொடுத்து அவள் தோற்ற அந்த ஓர் ஆட்டம்தான்.