பாட்டு வண்டி நுழையக் கூடாது

கார்த்திகேசு பாடினால் எப்படி இருக்கும் என்று பினாங்குக் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: தகரக் கூரைமேல் முள்ளு முள்ளான டுரியான் பழம் உருண்ட மாதிரி இருக்கும்.

இது அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. துறைமுகத்தில் இறங்குகிற வெங்காயம், பருப்பு, மிளகாய் மூட்டைகளைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவரும் மாட்டு வண்டி அவருடையது. மூட்டை ஏற்றி முடித்ததும் வெற்றிலையை மடித்து வாயில் போடுவார். அது பாதி மெல்லுவதற்குள் பாட்டு கிளம்பிவிடும். அடுத்தவர் கட்டிய பாட்டெல்லாம் அவருக்குப் பிடிக்காது. வண்டியில் என்ன சரக்கோ, அதன்மேல் அவரே கட்டுவார்.

“வெங்காயம் வருதம்மா வெள்ளக்காரன் கப்பலிலே,
உரிக்காத கண்ணுக்குள்ளே ஊருப்பட்ட தண்ணியம்மா!”

ஒருமுறை கோயில் பஜனையில் பாடுகிறேன் என்று போய் நின்றார். அவர்கள் அவர் கையில் ஜால்ராவைக் கொடுத்து, “அண்ணே, தாளந்தான் பாட்டுக்கு உசுரு. அதை உங்களை விட்டா யாரு போடுவா?” என்று உட்காரவைத்துவிட்டார்கள். கார்த்திகேசுவுக்கு அதில் பெருமை. நம்மை நம்பித்தான் பஜனையே நடக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்.

அவருடைய மாடுகள் இரண்டும் அந்தக் குரலுக்குப் பழகிப்போனவை. பாட்டு இருந்தால் நடக்கும், நின்றால் நின்றுவிடும். சாட்டையைக் காட்டினால் ஏதோ ஈ பறக்கிறது என்று காதை ஆட்டும்.

குயின் தெருவுக்குப் பின்னால் ஒரு குறுக்குச் சந்து இருந்தது. துறைமுகத்திலிருந்து வரும் வண்டிகளுக்கு அதுதான் சுருக்கு வழி. சந்தின் நடுவில், ஒரு கடைவீட்டு வாசலின் அஞ்சடி அகல நடைபாதையில் அம்மியைப் போட்டுக்கொண்டு மசாலா அரைத்து விற்றுவந்தாள் வடிவம்மாள். கப்பல் வேலைக்குப் போன புருஷன் காய்ச்சலில் போய்விட்ட பிறகு, அந்த அம்மிதான் அவளுக்குச் சோறு போட்டது. கார்த்திகேசுவின் பாட்டு சந்து முனையில் கேட்கும்போதே, உலரவைத்த மிளகாய் முறத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கத்துவாள்.

“வண்டிக்காரரே! மாடு கத்துதா, நீங்க கத்துறீங்களா? ஏதாவது ஒண்ணை நிறுத்துங்க!”

“மாடு எங்கம்மா கத்துது? அது கேட்டுக்கிட்டுல்ல வருது” என்பார் அவர், கொஞ்சமும் கோபமில்லாமல்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஊருக்குள் மோட்டார் கார்கள் பெருகின. ஒருநாள் ஒரு துரையின் கார் அந்தச் சந்தில் மாட்டு வண்டிகளுக்குப் பின்னால் அகப்பட்டுக்கொண்டு, வெயிலில் வெந்து, கடைசியில் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வெளியே போனது. கொஞ்ச நாளில் சந்து முனையில் ஒரு பலகை முளைத்தது. வண்டிக்காரர்கள் பெரும்பாலும் தமிழர்கள் என்பதால் தமிழிலேயே எழுதியிருந்தார்கள். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து. முத்து முத்தாக இருந்தது.

வண்டிக்காரர்கள் கூடி நின்றார்கள். அவர்களில் படிக்கத் தெரிந்தவர் யாருமில்லை. சந்து முனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஹனீபாவைக் கூப்பிட்டார்கள். அவர் தோளில் கிடந்த துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உரக்கப் படித்தார்.

“பாட்டு வண்டிகள் இந்தச் சந்தில் நுழையக் கூடாது.”

படித்துவிட்டு அவரே திகைத்துப்போனார். இன்னொரு தரம் மனதுக்குள் படித்தார். பிறகு அவருக்கு விளங்கியது. ‘மாட்டு வண்டிகள்’ என்று இருக்க வேண்டியது. எழுதிக் கொடுத்தவரின் பேனாவில் மை வற்றியதோ, பலகை எழுதியவர் கையில் தூரிகை முந்திக்கொண்டதோ, ‘மா’வுக்குள் வர வேண்டிய சுழி வராமல் போய், அது ‘பா’வாக நின்றது.

வண்டிக்காரர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் திரும்பிக் கார்த்திகேசுவைப் பார்த்தார்கள்.

“எனக்கா?” என்றார் அவர்.

அவர் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார். முகத்தில் பயத்தைக் காணோம். வெற்றிலைக் காவிப் பற்கள் அத்தனையும் தெரியச் சிரித்தார்.

“அப்போ சர்க்கார் வரைக்கும் நம்ம பாட்டுக் கேட்டிருக்கு!”

அவர் மாடுகளுக்குச் சேதி சொல்லப் போன சமயம் பார்த்து, ஹனீபா மற்றவர்களைக் கிட்டே கூப்பிட்டார். “இது எழுத்துப் பிழைலா. சரியா எழுதினா உங்க எல்லாருக்கும் வழி அடைஞ்சுடும். என் கடைக்கு அரிசியும் ஊரைச் சுத்திக்கிட்டுத்தான் வரணும். வாயைத் திறந்துடாதீங்க.”

அன்றிலிருந்து மாட்டு வண்டிகளெல்லாம் பலகையைக் கும்பிட்டுவிட்டு ஜாம் ஜாம் என்று சந்துக்குள் போயின. ஒரு நிபந்தனைதான்: சந்துக்குள் யாரும் வாயைத் திறந்து பாடக் கூடாது. மற்றவர்களுக்கு இதில் என்ன கஷ்டம்? கார்த்திகேசுவின் பாடுதான் திண்டாட்டமாகிவிட்டது.

அவரும் முயன்று பார்த்தார். சந்து முனையில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கன்னம் இரண்டும் உப்ப, வண்டியை உள்ளே விட்டார். மாடுகள் வந்த வேகத்தில் கொஞ்ச தூரம் போயின. பிறகு, சரியாக வடிவம்மாளின் அம்மிக்கு எதிரே நின்றுவிட்டன. அவர் நாக்கைச் சொடுக்கினார், வாலை முறுக்கினார், கெஞ்சினார். பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. அவற்றுக்கும் பின்னால் ஒரு மோட்டார் கார் வந்து நின்று ஊதியது.

“என்ன வண்டிக்காரரே, இன்னிக்குத் தொண்டைக்கு லீவா?” என்றாள் வடிவம்மாள்.

“நீதானேம்மா சர்க்கார்ல சொல்லிப் பலகை வைக்கச் சொன்னே?”

அம்மிக் குழவி நின்றது. “நானா? திட்டணும்னா நானே திட்டுவேன். அதுக்கு எனக்குச் சர்க்கார் வேணுமா?”

அந்தப் பேச்சில் இருந்த நியாயம் அவருக்கு உறைத்தது. அதற்குள் மறுபடி கார் ஊதியது. இனி முடியாது என்று பாட வாயைத் திறந்தார்.

“மிளகாய்க்குக் கோபம் வந்தா அம்மியிலே மினுமினுக்கும்,
அரைக்கிறவ கோபம் வந்தா ஆறு தெரு கமகமக்கும்!”

மாடுகள் துள்ளிக்கொண்டு கிளம்பின. சந்தின் மறுமுனையில் கையை நீட்டி வண்டியை நிறுத்தினார் மாத்தா அப்துல் அஜீஸ். போலீஸ்காரரை அங்கே மாத்தா என்பார்கள். வேலைக்குப் புதிது. பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே நடத்த வேண்டும் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். பாட்டு வண்டி எப்போது வரும் என்று அவர் பலகை வைத்த நாளிலிருந்தே கண்கொட்டாமல் காத்திருந்தார்.

“அண்ணே, பாடிக்கிட்டே வந்தீங்களா?”

“ஆமா தம்பி. எப்படி இருந்துச்சு?”

“கோர்ட்டுக்கு வாங்க” என்றார் அப்துல் அஜீஸ்.

வழக்கு நாளன்று கடைத்தெருவே கோர்ட்டுக்குக் கிளம்பிவிட்டது. கார்த்திகேசு சலவை வேட்டியும் சந்தனப் பொட்டுமாக, ஏதோ கச்சேரிக்கு வந்தவர்போல் கூண்டில் ஏறினார். ஹனீபா கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். வடிவம்மாளும் வந்து, கூட்டத்தோடு ஒட்டாமல் சுவரோரமாக நின்றாள். “மசாலா கொடுக்க இந்தப் பக்கம் வந்தேன்” என்று, யாரும் கேட்காமலேயே சொன்னாள்.

மொழிபெயர்ப்பாளர் ராமதாஸ் பலகையின் வாசகத்தை மாஜிஸ்திரேட் துரைக்கு மொழிபெயர்த்தார். அவருக்கும் பிழை தெரிந்துதான் இருந்தது. ஆனால் எழுதியிருப்பதைச் சொல்வதுதான் அவர் வேலை. தவிர, அவர் மத்தியானச் சாப்பாடும் ஹனீபா கடையில்தான்.

மாஜிஸ்திரேட் துரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “பாட்டு வண்டி என்றால் என்ன?”

“பாட்டு வருகிற வண்டி” என்று அப்துல் அஜீஸ் சொன்னதை ராமதாஸ் மொழிபெயர்த்தார்.

“அதில் வாத்தியம் ஏற்றிப்போகிறார்களா?”

“இல்லை எசமான். மிளகாய்” என்றார் அப்துல் அஜீஸ்.

துரை மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, அன்று சந்துக்குள் என்ன பாடப்பட்டதோ அதைக் கோர்ட்டில் பாடிக் காட்டும்படி உத்தரவிட்டார்.

கார்த்திகேசு இதற்காகத்தானே காத்திருந்தார்! தொண்டையைச் செருமினார். பழைய பாட்டை விட்டுவிட்டு, இடத்துக்குத் தகுந்த மாதிரி புதிதாகவே ஒன்றை எடுத்துவிட்டார்.

“சந்துக்குள்ளே போற மாடு சட்டம் படிச்ச மாடா சாமி?
கொம்பைப் பார்த்துக் குத்தம் சொன்னா வாலு வந்து சாட்சி சொல்லும்!”

கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன. வாசலில் நின்ற குதிரை கனைத்தது. ஒரு வக்கீல் மைக்கூட்டைத் தட்டிவிட்டார். வெளியே கட்டியிருந்த கார்த்திகேசுவின் மாடுகள், பாட்டு வந்துவிட்டதே என்று, வண்டியோடு வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கின. இரண்டு பேர் ஓடிப்போய்ப் பிடித்தார்கள்.

துரை கையை உயர்த்தி நிறுத்தினார். தீர்ப்புச் சொல்ல அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. ராமதாஸ் எழுந்து, சிரிப்பை உதட்டுக்குள் மடித்துவைத்துக்கொண்டு தமிழில் சொன்னார்:

“இந்தக் கோர்ட்டில் கேட்டது எதுவானாலும் சரி, அது பாட்டு இல்லை. ஆகவே இவர் வண்டி பாட்டு வண்டி ஆகாது. இவர் நிரபராதி. போகலாம்.”

வண்டிக்காரர்கள் ஆரவாரம் செய்தார்கள். ஹனீபா பக்கத்தில் நின்றவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அது அப்துல் அஜீஸ் என்று பிறகுதான் பார்த்தார். கார்த்திகேசு மட்டும் கூண்டைவிட்டு இறங்கவில்லை.

“ஐயா, நான் ஒத்துக்க மாட்டேன்! அது பாட்டுதான்! நான் குத்தவாளிதான் ஐயா! என்னைத் தண்டிங்க!”

விடுதலையானவரைக் கூண்டிலிருந்து இறக்க இரண்டு மாத்தாக்கள் வேண்டியிருந்தது.

பினாங்கில் பாட்டு வண்டி என்று ஒன்று கிடையாது என்பது கோர்ட்டிலேயே தீர்ந்துவிட்டதல்லவா? இல்லாத வண்டிக்குப் பலகை எதற்கு என்று சில நாளில் அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சந்து எல்லாருக்கும் திறந்து கிடந்தது. ஆனால் கார்த்திகேசு இடிந்துபோனார். வெற்றிலை மென்றார், துப்பினார், பாட்டு வரவில்லை. மாடுகளைக் கயிற்றில் பிடித்து இழுத்துக்கொண்டு, மூட்டை சுமக்கிறவரைவிட அதிகம் வியர்த்து, நடந்தே போனார். ஊரே அமைதியாகிவிட்டது. முதல் இரண்டு நாள் நிம்மதியாக இருந்த கடைக்காரர்கள்கூட, மூன்றாம் நாள் தெருவை எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

வடிவம்மாளின் மிளகாய் முறத்தை அப்படிச் சத்தமில்லாமல் வந்த வண்டி ஒருநாள் ஏறி நசுக்கிவிட்டது. அவள் எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு வழியை மறித்தாள். கை முழுக்க மசாலா.

“பாடிக்கிட்டு வந்திருந்தா முறத்தை இழுத்திருப்பேன்லா! ஏன் வாயை மூடிக்கிட்டு வர்றீங்க?”

“அதான் துரையே சொல்லிட்டாரே, அது பாட்டு இல்லன்னு.”

“அந்தத் துரைக்குத் தமிழ் தெரியுமா?”

“தெரியாது.”

“உங்க மாட்டுக்கு?”

கார்த்திகேசு யோசித்தார். “அதுங்களுக்குத் தெரியும்.”

“அப்புறம் என்ன? ‘அரைக்கிறவ கோபம் வந்தா ஆறு தெரு கமகமக்கும்’. அது என்னைப் பத்தித்தானே? வேற யாரு பாடினா என்னைப் பத்தி? ராகம் கழுதையாத்தான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்” என்றாள். சொன்ன பிறகு தான் சொன்னது காதில் விழுந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு அம்மியின் முன் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று கார்த்திகேசு பாடிய பாட்டு துறைமுகம் வரைக்கும் கேட்டது என்கிறார்கள்.

அடுத்த தை மாதம் கார்த்திகேசுவும் வடிவம்மாளும் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள். விருந்துச் சோறு ஹனீபா கடையிலிருந்து வந்தது. அப்துல் அஜீஸ் சீருடையோடு வந்து, மாப்பிள்ளையின் பாட்டு முடியும் வரைக்கும் விறைப்பாக நின்றார். ஊருக்கு வெளியே ஜெலுத்தோங்கில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்தார்கள். வடிவம்மாள் அரைத்த மசாலாவை வாழையிலையில் உருட்டிவைத்துக்கொண்டு, புருஷன் வண்டியிலேயே கடைகடையாகப் போய்க் கொடுத்தாள்.

“மிளகாய் விக்க வந்தோம் அம்மா...” என்று அவர் எடுப்பார். அடுத்த வரிக்குத் திணறும்போது, “மீன்குழம்பு வைக்கணும் அம்மா” என்று அவள் போடுவாள்.

“மீன் எங்கே வந்துச்சு இதுல? நாம மீனா விக்கிறோம்?”

“மிளகாய்க்கு மீன்தான் வரும். வேற என்ன வரும், மாம்பழமா?”

“மாம்பழம் நல்லாத்தான் இருக்கும்...”

“ஐயோ, இந்த மனுஷனுக்கு மோனையும் வராது, சமையலும் தெரியாது!”

இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே ஜெலுத்தோங் ரோட்டில் அவர்கள் போவதைக் காலையில் பார்க்கலாம். மாடுகளுக்குச் சண்டையும் பாட்டும் ஒன்றுதான். நன்றாகவே நடந்தன.