மாமி இறங்க ஏலாத வீடு

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் வெம்பிளிக்குக் கிட்ட ரெய்னர்ஸ் லேன் பக்கம், ஒரு பழைய பண்ணைவீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். பண்ணை எப்போதோ போய்விட்டது. சுற்றிவர அச்சில் வார்த்த வீடுகள். நடுவில் இது மட்டும் கோணலாக நின்றது.

கீழே வீட்டுக்கார வெள்ளைக்கார அம்மா. வீட்டின் கதையைத் தொடங்கினாரென்றால் தேத்தண்ணி ஆறிவிடும். ஆதியில் கூரைவரை ஒரே மண்டபமாம், நடு நிலத்தில் நெருப்பாம். எங்கள் தலைக்கு மேலே கூரைமர வளைகளில் அந்தக் கரி இன்னும் ஒட்டிக்கிடந்தது. பிறகு ஒருவன் நடுவில் புகைபோக்கி கட்டினான். பின்னால் வந்தவன் குறுக்கே தளம் போட்டு மாடியாக்கினான். ஏறுவதற்கு இடம்? புகைபோக்கியோரம் அலுமாரி அளவில் ஒரு சந்து. அதற்குள் துணி பிழிந்தமாதிரி முறுக்கிய படி. அதற்கும் பின்னால் வந்தவர்கள் முகப்புக்குச் செங்கல் ஒட்டினார்கள், யன்னலை மாற்றினார்கள். படியை ஒருத்தரும் திருத்தவில்லை. இனித் திருத்த, பழங்காலக் கட்டடமென்று கவுன்சில் விடாது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அன்று என் மாமி, கணவரின் தாய், சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறிவிட்டார். மாரிக் குளிரில் முழங்கால் இரண்டும் பூட்டிக்கொண்டன. "ஏறச்சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச்சொன்னால் முடவனுக்குக் கோபம் எண்டு சொல்லுவினம். இஞ்ச எருது இல்லை, முடத்தி மட்டும்தான்" என்பார்.

தை மாதம் வெம்பிளியில் அவருடைய இளைய மகனுக்குக் கலியாணம். தாலிகட்டை நேரில் பார்க்கவேணும், அது ஒன்றுதான் மாமியின் ஆசை. என் கணவர் முதுகில் தூக்கிப் பார்த்தார். திருப்பத்தில் இரண்டு பேரும் இறுகிப்போனார்கள்.

"டேய், மூச்சை உள்ளுக்கு இழு!"

"நீங்கள் இழுங்கோ அம்மா!"

வந்தவழியே பின்பக்கமாக ஏறினார்கள்.

கேள்விப்பட்ட வீட்டுக்காரி, "உங்கள் கட்டிலுக்குக் கீழே பலகையைக் கழற்றலாமே" என்றார். "சவப்பெட்டி இந்தப் படியில் திரும்பாது. அதற்காகத்தான் தளத்தில் அந்த வழியை விட்டார்கள்."

கதிரையில் இருத்திக் கயிற்றில் இறக்கலாமென்று என் கணவர் துள்ளினார். மாமி என் முகத்தைப் பார்த்தே விசயத்தைக் கறந்துவிட்டார்.

"பிரேதம் இறங்கின வழியால கலியாணத்துக்குப் போறதோ? பெடியனுக்கு ஆகாது. நான் வரேல்லை."

கெஞ்சியும் பார்த்தோம். ஏலாது எண்டால் ஏலாதுதான்.

கலியாணத்தன்று நானும் மாமியோடு மேலேயே அடைபட்டிருந்தேன். தாலிகட்டு நேரம் அவர் மணிக்கூட்டையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பின்னேரம் மாப்பிள்ளையும் பொம்பிளையும் மாலையோடு வந்தார்கள். கூறைச்சேலையோடு ஏற வெளிக்கிட்ட பொம்பிளை திருப்பத்தில் மாட்டிக்கொண்டாள்.

"விடு பிள்ளை, கூறை கிழிஞ்சுபோம்" என்று சத்தம் வைத்த மாமி, என்னிடம் திரும்பி, "அந்தப் பலகையைத் தூக்கு" என்றார்.

"ஆகாதெண்டியளே மாமி?"

"நான்தான் இறங்கக்கூடாது. அறுகரிசி இறங்கலாம்."

கட்டிலைத் தள்ளிப் பலகையைத் தூக்கினேன். மாமி பாயில் குப்புறப் படுத்து, துவாரத்துக்குள்ளால் கீழே வந்து நின்ற இருவர் தலையிலும் அறுகம்புல்லும் அரிசியும் தூவினார். பக்கத்தில் நின்ற வீட்டுக்காரியின் தலையிலும் விழுந்தது. "உனக்கும் சேர்த்துத்தான்" என்றார், தமிழிலேயே.

அவர்கள் போனபின் என் கணவர் பலகையை வைத்துச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்.

"கனக்க அடியாதை தம்பி, ரெண்டு ஆணி காணும்" என்றார் மாமி. "எனக்காகத் திரும்பக் கழட்ட வேணுமெல்லே."