தலைமடை வீடு

நம்ப மாட்டீர்கள் என்று தெரிந்துதான் ஆரம்பிக்கிறேன். நம்பவே வேண்டாம், பாதியில் சிரிக்காமல் கேட்டால் போதும், ஏனென்றால் இந்த மாதிரிக் கதையை வேறு யார் சொன்னாலும் முதலில் சிரிக்கிற ஆள் நான்தான். எங்கள் வீடு கருப்புச் சட்டை வீடு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஐயர் இல்லாமல், மைக்கில் நாலு பேர் பேசி, மாலை மாற்றித்தான் கல்யாணம். சின்ன வயதில் நான் சுடுகாட்டுப் புளியமரத்துக்குப் பயந்தேன் என்பதற்காக, அப்பா அந்த மரத்தடியிலேயே என்னை உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்ல வைத்தார். அப்படி வளர்ந்தவன் வந்து உங்களிடம் இதைச் சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இது புரியாது. எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, வாய்க்கால் முடிகிற இடத்தில் இருக்கிறது. தண்ணீர் முதலில் போய்ச் சேருகிற வயலுக்குத் தலைமடை என்று பெயர், எல்லோருக்கும் பாய்ந்த பிறகு மிச்சம் இருந்தால் வருகிற இடம் கடைமடை. நாங்கள் கடைமடை, அதுவும் குத்தகை நிலம். குத்தகைக்காரன் பெயரைப் பதிவு செய்யலாம் என்று சட்டம் வந்த புதிதில், அப்பா வீடு வீடாகப் போய் எல்லோரையும் பதியச் சொன்னார். நிலத்துக்காரர்களுக்கு அது பிடிக்குமா? ஊரே இரண்டாக நின்றது. அந்தச் சமயத்தில் ஒருநாள் காலையில், எங்கள் முறைத் தண்ணீருக்கு மடை திறக்க மண்வெட்டியோடு போனவர் திரும்பி வரவில்லை. மண்வெட்டி மட்டும் வரப்பில் குத்தி நின்றது. வெட்டிப் புதைத்துவிட்டார்கள் என்றார்கள், ஆற்றோடு போய்விட்டார் என்றார்கள், பயந்து ஓடிவிட்டார் என்றுகூடச் சிலர் கூசாமல் சொன்னார்கள். போலீஸ் வந்தது, கட்சிக்காரர்கள் வந்தார்கள், எல்லோரும் போய்விட்டார்கள். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது, எனக்குப் பதினாலு.

உடம்பு கிடைக்காததால் அம்மா பொட்டை அழிக்கவில்லை, அப்பா படத்துக்கு மாலை போடவில்லை, நினைவு நாளும் கிடையாது. வெளியே போன மனுஷன் திரும்பி வருவார், அவ்வளவுதான் அம்மாவுக்கு. அதனால் நாங்கள் வீடு மாறவே இல்லை. கூரை ஒழுகினாலும் அதே வீடு. வருகிறவர் எங்கே வந்து கதவைத் தட்டுவார் என்று கேட்பாள்.

எனக்கு முப்பத்தேழு வயதில் சிங்கப்பூரில் ஒரு ஷிப்யார்டில் நல்ல வேலை கிடைத்தது. குடும்பத்தைக் கூட்டிப்போகலாம் என்றார்கள். அம்மா வரவில்லை என்றால் என் மனைவி கலாவும் சின்னப் பையனும் வர முடியாது, மாமியாரைத் தனியாக விட்டுவிட்டு எப்படி வருவாள்? ஆக, அம்மா கிளம்பினால்தான் நாங்கள் ஒரே வீட்டில் இருக்க முடியும். நான் அங்கிருந்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டுக் கெஞ்சினேன்.

"மொதல்ல வீட்டப் புடி. எந்த ஊரு, எந்த மாடின்னு சொல்லு. நான் சொல்லிட்டு வந்துடுறேன்" என்றாள் அம்மா.

"யார்கிட்டம்மா சொல்லணும்?"

"மடையில."

சரி, ஒரு வார்த்தை சொல்வதால் என்ன குறைந்துவிடும் என்று வீடு தேட ஆரம்பித்தேன். தேக்கா பக்கம் பார்த்தேன், நம் ஆட்கள் நிறைய, ஆனால் ஒரே நெரிசல். வேலை ஜூரோங்கில், அதன் பக்கத்திலேயே பார் என்றான் நண்பன் சேகர். எனக்கு என்னவோ வடக்கே ஈசூனில் ஒரு வீடு பிடித்துப்போயிற்று. எதிர்வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், அம்மாவுக்குப் பேச்சுத்துணை ஆயிற்று. முக்கியமான காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அது மேல் மாடி. தண்ணீர்த் தொட்டி எங்கே என்று கேட்டேன், மொட்டை மாடியில் என்றார் தரகர். அப்படியானால் தண்ணீர் முதலில் நமக்குத்தான்! மேல் மாடி வெயிலில் வேகும் சார், இங்கே எல்லா மாடிக்கும் ஒரே தண்ணீர்தான் என்று அந்த மனுஷன் தலையில் அடித்துக்கொண்டார். கடைமடைக்காரன் காதில் அது ஏறுமா? முன்பணம் கொடுத்து, சோறு வடிக்கிற பானை, பாய், மின்விசிறி எல்லாவற்றையும் வாங்கி, எதிர்வீட்டுப் பார்வதியக்காவிடம் வைத்துவிட்டு ஊருக்கு வந்தேன்.

கிளம்புகிற அன்று உச்சி வெயிலில் அம்மா மடைக்குப் போனாள். நானும் கூடப் போனேன், யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று கூச்சம் வேறு. அம்மா கும்பிடவில்லை, அழவில்லை. கொல்லையில் நிற்கிறவரிடம் பேசுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். "சிங்கப்பூர் போறோம். ஈசூன்னு எடம். மேல் மாடி. தலமட வீடுன்னு கேளுங்க." தலைமடை வீடு என்பது நான் போனில் அவளிடம் பெருமையடித்துக்கொண்டது. சுற்றிலும் ஒரு ஆள் இல்லை, இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் லாட்ஜில் இருக்கும்போது சிங்கப்பூரிலிருந்து சேகர் போன் போட்டான். ஈசூன் வீட்டுக்காரரின் மகன் குடும்பத்தோடு திரும்பி வருகிறானாம், வீடு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். நல்லவேளை, ஜூரோங்கில் இரண்டாவது மாடியில் ஒன்று கிடைத்தது, உடனே பிடித்துவிட்டேன் என்றான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மாவுக்கோ முகம் செத்துவிட்டது.

"ஒரு நட ஊருக்குப் போயிட்டு வந்துடுவோம்டா. தப்பான எடத்த சொல்லிட்டு வந்துட்டேனே."

"விடிஞ்சா பிளேனும்மா. அப்பா இருந்தா ஒன்னப் பாத்து சிரிப்பாரு."

விமானத்தில் கொடுத்த சாப்பாட்டை அம்மா தொடவில்லை. ஜூரோங் வந்தும் சரியாகச் சாப்பிடாமல் இளைத்துக்கொண்டே போனாள். தினமும் பொழுது சாய்ந்ததும் வாசலில் ஒரு சொம்புத் தண்ணீர் வைப்பாள், வருகிறவர் கால் கழுவ. இப்படியே போனால் ஊருக்கே திருப்பி அனுப்ப வேண்டியதுதான் என்று கலா அழ ஆரம்பித்தாள்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பானையையும் மின்விசிறியையும் எடுத்துவர ஈசூன் போனேன். பார்வதியக்கா சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், நம் ஊரைப் பார்த்ததே இல்லை. கதவைத் திறந்ததும் சொன்னார். "ஒங்க தம்பி வந்திருந்தாரே, பாத்தீங்களா?"

"எனக்குத் தம்பி கிடையாதுக்கா."

"அட, ஒங்க மூஞ்சி அப்படியே. ஒங்களவிட ரெண்டு வயசு கம்மியா இருக்கும். கறுப்புச் சட்ட, வேட்டிய மடிச்சுக் கட்டியிருந்தாரு. காலெல்லாம் சேறு! நம்ம புளோக்குல ஏது சேறு? கழுவத் தண்ணி கேட்டாரு, குடுத்தேன். தலமட வீடு எதுன்னு கேட்டாரு. அது என்ன வீடு தம்பி, நான் கேட்டதே இல்லையே?"

சட்டென்று திரும்பி எனக்குப் பின்னால் பார்த்தேன், சத்தியமாகச் சொல்கிறேன். வீடு பார்க்க வந்தபோது அந்த வார்த்தையை நானே இவரிடம் உளறியிருப்பேனோ? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் இல்லை. உளறியிருந்தாலும் அந்த முகம்? அந்தச் சேறு?

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒங்களத் தேடித்தான் வந்திருக்காருன்னு நெனச்சு, அவங்க இங்க வரல, எங்க போனாங்கன்னு தெரியாதுன்னேன். பரவாயில்ல, வந்து சொல்லுவாங்கன்னாரு. பாவமா இருந்துச்சு. சாப்பிடுறீங்களான்னேன், வீட்ல போய் சாப்பிட்டுக்குறேன்னாரு. படிக்கட்டுலயே சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தாரு. வெளக்குப் போட வந்து பாத்தா ஆளக் காணோம்."

அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று ரயிலில் குழம்பிக்கொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் என் முகத்தைப் பார்த்து அவளே கேட்டுவிட்டாள், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அலறுவாள் என்று நினைத்தேன். பேயா, கனவா, யாரோ ஏமாற்றுக்காரனா, ஒன்றும் கேட்கவில்லை. "சாப்புடாம போயிட்டாரா?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

லீவு கிடைத்ததும் இரண்டு பேரும் ஊருக்கு வந்தோம், நேரே மடைக்குத்தான் போனோம். அம்மா புது இடத்தைச் சொன்னாள், "ஜூரோங், மொத மாடி" என்றாள். பக்கத்தில் நின்ற கருப்புச் சட்டை வீட்டுப் பிள்ளை என்ன செய்தேன் தெரியுமா? "ரெண்டாவது மாடிம்மா, சரியா சொல்லு" என்று அதட்டினேன். அன்றைக்குத்தான் அம்மா வயிறாரச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. வந்திருந்து நாங்கள் வேலைக்கும் கடைக்கும் போயிருந்தோமோ, அதுவும் தெரியாது. அம்மா பொட்டோடுதான் போனாள். நான் ஓய்வு பெற்றுத் தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் ஒரு பிளாட்டில் இருக்கிறேன். இங்கே வருவதற்கு முன்னாலும் மடைக்குப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன், கலா காரிலேயே உட்கார்ந்து சிரித்தாள். சிரிக்கட்டும், நானும் இன்றுவரை பேயை நம்பவில்லை. பார்வதியக்கா பார்த்தது யார் என்றும் எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும்தான் இப்போதும் தூக்கத்தைக் கெடுக்கிறது. என் மகனுக்கே இப்போது முப்பத்தைந்து தாண்டிவிட்டது, எனக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. அழைப்பு மணி அடித்தால் வந்தவர் காலைத்தான் முதலில் பார்க்கிறேன். ஒருநாள் சேற்றுக்காலோடு அந்தப் பையன் நின்றால், வா தம்பி என்று கூப்பிடுவேனா, வாங்கப்பா என்று கூப்பிடுவேனா?